மூணாறு: கிழக்கே பார்த்திருந்த ஊர்

ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், மூணாறு கடைத்தெருவை ஒட்டிய பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்திலிருந்து வந்த தண்ணீர் செம்மண்ணைக் கரைத்து ஊற்றியதுபோல் கலங்கி இருந்தது. இன்னொரு பக்கத்துத் தண்ணீரில் அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம். இரண்டும் சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் வரை கலக்காமல், ஒரே படுக்கையில் முகம் கொடுக்காமல் படுத்திருக்கும் சகோதரர்களைப்போல் பக்கம் பக்கமாகவே ஓடின. முந்தைய இரவில் ஒரு பள்ளத்தாக்கில் மழை கொட்டியிருக்கிறது, அடுத்த பள்ளத்தாக்கில் தூறல்கூட இல்லை என்பதே அதன் பொருள். எனக்குப் பின்னால் சுற்றுலா வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் ஆற்றைப் பார்க்க இறங்குவதில்லை. ஆனால் இந்த ஊரின் பெயரையும் இருப்பையும், அது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதையும்கூட, தண்ணீரே தீர்மானித்திருக்கிறது என்பது பலமுறை போய்வந்த பிறகு எனக்கு உறுதியாகிவிட்டது.

மூன்று ஆறு கூடும் இடம், ஆகவே மூணாறு. நல்லதண்ணி, குண்டளை, முதிரப்புழை என்று மூன்று பெயர்களையும் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்; கூடிய பிறகு கீழே இறங்கும் ஆற்றுக்கு முதிரப்புழை என்ற பெயரே நிலைத்துவிட்டது. அது பள்ளிவாசல், குஞ்சித்தண்ணி, வெள்ளத்தூவல் வழியாக இறங்கிப் பெரியாற்றில் சேர்ந்து, ஆலுவாயைக் கடந்து அரபிக்கடலுக்குப் போகிறது. பெரியாறு என்றவுடன் தேனி, மதுரைக்காரர்களான நமக்கு முல்லைப்பெரியாறுதான் நினைவுக்கு வரும். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, மேற்கே போகிற தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி வைகையில் விடுகிறது. முதிரப்புழையோ அந்த அணைக்கு வெகுதூரம் கீழே வந்து பெரியாற்றைத் தொடுவதால், மூணாற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டும் நம் பக்கம் வருவதில்லை.

ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலை எழும்பிய ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. வடக்கே இமயத்துக்குத் தெற்கில் இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர். இந்த மலைத்தொகுதியின் முகடுகளில் விழும் மழைக்கு மூன்று விதிகள் உண்டு. மூணாற்றுப் பக்கம் சரிந்தால் பெரியாறு, அரபிக்கடல். டாப் ஸ்டேஷன் முகட்டின் கிழக்குச் சரிவில் விழுந்தால் கொட்டகுடி ஆறாகிப் போடிநாயக்கனூரைத் தொட்டு வைகையில் கலக்கும். இரவிகுளத்துக்கு வடக்கே சரிந்தால் பாம்பாறாகி மழைமறைவுப் பகுதியான மறையூரைக் கடந்து, அமராவதியாகப் பெயர் மாறி, கரூர் அருகே காவிரியில் சேரும். அரை நாள் ஜீப் பயணத்துக்குள் மூன்று நதிகளின் தலைமாட்டைப் பார்த்துவிடலாம் என்பது வரைபடம் பிடித்தவர்களுக்குப் பெரிய இன்பம். எனக்கு அந்த நோய் சிறுவயதிலிருந்தே உண்டு.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்னால் இந்த மலை ஆளில்லாக் காடாகக் கிடக்கவில்லை. முதுவர்கள் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மதுரையிலிருந்து வெளியேறியபோது பிள்ளைகளையும் உடைமைகளையும் முதுகில் சுமந்து மலையேறியதால் அந்தப் பெயர் வந்தது என்பது அவர்களிடையே வழங்கும் கதை. அவர்களுடைய பேச்சும் தமிழுக்கு நெருக்கமானது. இந்த மலைகளுக்குக் கண்ணன் தேவன் என்ற பெயர் வந்ததற்குக் காரணமாக, மறையூர் அடங்கிய அஞ்சுநாட்டுப் பக்கத்தில் செல்வாக்குடன் இருந்த கண்ணன் தேவர் என்ற ஒருவரைச் சொல்வார்கள். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து இந்த மலைப்பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பி, ஏலம், கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரம் என்று பலவற்றையும் நட்டுப் பார்த்த பிறகே, 1880 வாக்கில் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி தோட்டத்தில் தேயிலை வைத்தார். தேயிலை பிடித்துக்கொண்டது. 1897-இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி உருவான பிறகு, பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக் கம்பளமாயின. 1894-இல் காலராவில் இறந்த எலினார் இசபெல் என்ற இளம் ஆங்கிலேயப் பெண்ணின் கல்லறை ஒரு குன்றின்மேல் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கியதே 1910-இல்தான்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இன்று மூணாறு கொச்சியைப் பார்த்து நிற்கும் ஊர். விமானத்தில் வருபவர்கள் அங்கே இறங்குகிறார்கள், தலைநகரமும் அந்தப் பக்கம்தான். ஆனால் வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தால் போடி முப்பது சொச்சம் கிலோமீட்டர். கொச்சியோ எண்பதைத் தாண்டிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊர் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேயிலை கிழக்கே இறங்கியது, அரிசி கிழக்கிலிருந்து ஏறியது, கொழுந்து பறிக்க ஆட்களும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணிமார் பின்னால் கிழக்கு மலைப்பாதை ஏறியே வந்தார்கள்.

அந்தக் கிழக்கு வாசலுக்கு ஒரு ரயில் இருந்தது. 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக அமைக்கப்பட்டது ஒற்றைத் தண்டவாளப் பாதை. சாலையோரமாக ஒரே ஒரு தண்டவாளம், வண்டியின் சிறு சக்கரங்கள் அதன்மேல் உருண்டு பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும், பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டி சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும், இழுப்பது மாடு. மாட்டுவண்டிக்கும் ரயிலுக்கும் பிறந்த பிள்ளை என்றே அதைச் சொல்ல வேண்டும். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறும்பாதை போட்டு, நீராவி எஞ்சின்களை ஓடவிட்டார்கள். மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிறுத்தங்கள். டாப் ஸ்டேஷனுக்கு இன்று போகிறவர்கள் அது ஏதோ காட்சிமுனைக்கு வைத்த நாகரிகப் பெயர் என்றே நினைக்கிறார்கள். உண்மையிலேயே அது ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி செங்குத்துச் சரிவில் கொட்டகுடிக்கு இறங்கின. கீழே அந்த இடத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். பிறகு மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். குரங்கணிப் பக்கத்து மலைப்பாதையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஓர் இடம் இருப்பதும் இந்தக் கம்பிவடத்தின் மிச்சம்தான்.

நல்லதண்ணித் தோட்டத்தில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு சிறிதா என்ற ஏமாற்றம்தான் எனக்கு முதலில் வந்தது. மலைவளைவுகளில் திரும்ப வேண்டிய எஞ்சினுக்கு வேறெப்படி இருக்கும் என்று பிறகே உறைத்தது. ஆனால் நான் அதிக நேரம் நின்றது அங்குள்ள கருங்கல் சூரியகடிகாரத்தின் முன்னால். 1913-இல் அதைச் செய்தது திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தில் இருந்த கலைத்தொழிற் பள்ளி. திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள் இருக்கும் மலையில், ஆங்கிலக் கம்பெனி ஒன்று, மணி பார்க்கத் தேரிக்காட்டு ஊரிலிருந்து கல்லைச் செதுக்கி வாங்கியிருக்கிறது. ஊர் எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்பதற்கு இதைவிடக் கனமான சாட்சி எனக்கு வேண்டியதில்லை. மூணாற்றில் மேகம் விலகும் நாட்களைக் கணக்கிட்டால், அந்தக் கடிகாரம் ஆண்டில் பாதி நாள் விடுப்பில்தான் இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

1924 ஜூலையில் மழை பிடித்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள். கேரளத்தில் இன்றும் கிழவர்களின் காலக்கணக்கு அந்த வெள்ளத்துக்கு முன், பின் என்றே போகும். நாள்கணக்கில் விடாமல் பெய்த மழையில் மலைகள் சரிந்தன. மாட்டுப்பட்டிப் பக்கம் இரு குன்றுகளின் இடுக்கில் மண்ணும் மரமும் வந்து அடைத்து, தண்ணீர் தானாகவே ஓர் அணையாகத் தேங்கி, பிறகு அது உடைந்து ஊர்மேல் பாய்ந்தது என்று மூணாற்றில் சொல்வார்கள். அதே இடுக்கில்தான் பின்னாளில் மாட்டுப்பட்டி அணையைக் கட்டினார்கள்; இயற்கை முதலில் காட்டிக்கொடுத்த இடம் அது என்று நான் நினைத்துக்கொள்வேன். கடைவீதி போனது, பாலங்கள் போயின, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் போனது. மேற்கே கோதமங்கலத்திலிருந்து மாங்குளம் வழியாக ஏறிய பழைய சாலையையும், கரிந்திரி மலை சரிந்து விழுங்கிவிட்டது. ஒரே வெள்ளத்தில் கிழக்கு வாசல், மேற்கு வாசல் இரண்டும் அடைபட்டன.

இரண்டில் எது மீண்டும் திறக்கப்பட்டது என்பதில்தான் ஊரின் பிற்கால வரலாறு அடங்கியிருக்கிறது. கிழக்கே தண்டவாளம் மறுபடி போடப்படவில்லை. மேற்கே புதிய தடத்தில், நேரியமங்கலம், அடிமாலி வழியாக ஆலுவாயிலிருந்து சாலை போடப்பட்டு 1931-இல் திறக்கப்பட்டது. நேரியமங்கலத்தில் பெரியாற்றின்மேல் பாலம் 1935-இல் வந்தது. விதியின் குறும்பு என்னவென்றால், போடிநாயக்கனூருக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-இல். மலைமேல் இருந்த ரயிலும் சமவெளி ரயிலும் நான்கே ஆண்டு இடைவெளியில் ஒன்றையொன்று தவறவிட்டன. அவை சந்தித்திருந்தால் மூணாற்றுத் தேயிலை தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ தண்டவாளத்திலேயே போயிருக்கலாம்.

அடுத்த திருப்பமும் தண்ணீரால் வந்தது. முதிரப்புழையை மூணாற்றிலேயே மறித்து, சுரங்கத்தில் செலுத்தி, பள்ளிவாசலில் குழாய்கள் வழியாக விழவைத்து மின்சாரம் எடுக்கும் திட்டம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அது. தண்ணீரைத் திருப்பிவிடும் அந்த அணைக்கட்டுக்கு, அப்போது திவானாக இருந்த சி. பி. ராமசாமி ஐயரின் பெயர். அந்த மின்சாரம் இறங்கியது ஆலுவாய் சமவெளிக்கு. அலுமினியத் தொழிற்சாலை, உரத் தொழிற்சாலை என்று பெரியாற்றங்கரையில் ஆலைகள் எழுந்தன. கொதிக்கும் உலைகளுக்கு மூணாற்று மழை தேவைப்பட்டது. மழை குறைந்த மாதங்களிலும் சுழலிகள் நிற்காமலிருக்க, மேலே குண்டளையிலும் மாட்டுப்பட்டியிலும் அணைகள் கட்டித் தண்ணீரைச் சேமித்தார்கள். சுற்றுலாப் பயணிகள் படகு விடும் அந்த ஏரிகளைத் தொழிற்சாலைகளின் தண்ணீர்த் தொட்டி என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் அவை அதற்காகவே கட்டப்பட்டவை.

1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, மூணாறு அடங்கிய தேவிகுளம் வட்டத்தையும் பீர்மேடு வட்டத்தையும் தமிழகத்துடன் சேர்க்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கன்னியாகுமரியும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தன; இந்த இரண்டும் வரவில்லை. ஆண்டுதோறும் பணிக்கு வந்துபோகிறவர்கள் நிலையான குடிகள் அல்லர் என்பது முதல் பல வாதங்கள் அன்று பேசப்பட்டன. என் கணிப்பில், மின்சாரமும் சாலையும் மேற்கே ஓடத் தொடங்கிய பிறகு திருவனந்தபுரம் இந்த மலையை விட்டுக்கொடுக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. தமிழரின் எண்ணிக்கை ஒரு பக்கம் இருந்தது, ஆறு இன்னொரு பக்கம் ஓடியது.

ஆனால் ஊரின் வாய்மொழி இன்னும் பெரிதும் தமிழாகவே இருக்கிறது. கடைவீதியில் விலை பேசுவது, லயத்து வாசலில் பிள்ளைகளை அதட்டுவது, கோயில் கொடைக்கு வரி பிரிப்பது எல்லாம் தமிழில்தான். லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் சின்னத் திண்ணை. தண்ணீர் வசதிக்காகப் பல லயங்களை ஓடைகளின் பக்கத்திலேயே கட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவில் இராஜமலைக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த லயங்களை மூடியது; 70 பேர் போனார்கள். அவர்களில் பலருக்குத் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு பூர்வீகம். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியுலகுக்குத் தெரியவே மறுநாள் காலையாகிவிட்டது. உடல்களை ஆற்றின் போக்கிலேயே காட்டுக்குள் நெடுந்தொலைவு தேடினார்கள். மூன்று தலைமுறை அங்கே கொழுந்து பறித்தும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களின் முகவரியைக் கயத்தாற்றில் தேட வேண்டியிருந்தது என்பதை, அந்த வாரச் செய்திகளைப் படித்தபோது என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

நான் திரும்பும்போது பெரும்பாலும் தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டு இறங்குவேன். போடிமெட்டு வளைவில் மூடுபனி சட்டென்று விலகி, கீழே போடிச் சமவெளி மஞ்சள் வெயிலில் தட்டையாகத் தெரியும். காதில் அடைத்திருந்த காற்று விடுபடும். 2010-இல் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட போடி ரயில் 2023 ஜூனிலிருந்து மறுபடி ஓடுகிறது. விடியற்காலையில் இறங்கினால் எதிரே ஜீப்புகள் ஏறிவரும். போடி, தேவாரம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியபடி போவார்கள். மாலையில் அவர்கள் கிழக்கே இறங்கிவிடுவார்கள்.