பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் மாதிரியைக் கட்டுறவங்க கவனத்துக்கு
1:200 அளவில் (நிஜக் கப்பலில் 200-ல் ஒரு பங்கு) பிஸ்மார்க்கின் நீளம் ஏறத்தாழ 125 செ.மீ. அதனால், ஒவ்வொரு இதழோடும் கொஞ்சம் கொஞ்சமா வரும் கீல் (கப்பலின் அடியில் ஓடும் முதுகெலும்பு) துண்டுகளை வந்த வேகத்தில் ஒட்டிடாதீங்க. எல்லாம் சேர்ந்ததும் தடித்த கண்ணாடி மேல் வைத்து, பசையில்லாமல் கோத்துப் பாருங்க. ஒரு இணைப்பு லேசா சாய்ந்தாலே, மாதங்கள் கழித்து மேல்தளம் சரியா உட்காராது.

கீலுக்குக் குறுக்கே நிற்கும் விலாச் சட்டங்களின் ஓரத்தை உப்புத்தாளால் சரிவாகத் தேய்ங்க. அதன் மேல் ஒட்டும் மெல்லிய மரப்பட்டி முழு அகலத்துக்கும் படியணும். முனையில் மட்டும் தொட்டால், பெயின்ட் அடித்த பிறகும் மேடு தெரியும். பட்டியை வெந்நீரில் ஊறவைத்து வளைங்க, காய்ந்த பிறகே ஒட்டுங்க. ஈரத்தோடு ஒட்டினால் சுருங்கி இடைவெளி விழும்.

ரொம்ப முக்கியம்: பட்டிகளை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி ஒட்டணும். ஒரே பக்கமா ஒட்டிக்கிட்டே போனால் கப்பல் உடலே முறுக்கிக்கும், அப்புறம் நிமிர்த்துறது பெரும்பாடு. பசை வெள்ளைப் பசைதான், நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.