வகைக்கெழுச் சமன்பாட்டில் தடுமாறும் மாணவருக்கு இணையவழி உதவும்போது

டர்பனில் இருந்தபடி, முதலாண்டுப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மாலை வேளைகளில் இணையவழியே நுண்கணிதக் கணக்குகளில் உதவி வருகிறேன். இதில் இறங்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் உள்ள ஓர் இடைவெளி. மெட்ரிக் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வில், கணிதத்தின் முதல் தாளில் 150 மதிப்பெண்களில் ஏறத்தாழ 35 வகை நுண்கணிதத்துக்கு உரியவை. ஆனால் வகையிடலின் மறுதலையான தொகையிடல் அங்கே இல்லவே இல்லை, வகையிடலுக்கான பெருக்கல் விதியும் சங்கிலி விதியும்கூட இல்லை. இவை எல்லாவற்றையும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகே முதன்முதலாகச் சந்திக்கும் பலருக்கு, அவை பழகுமுன்பே, ஒரு சார்பை அதன் மாறும் வீதத்தோடு இணைக்கும் வகைக்கெழுச் சமன்பாடு வந்து நிற்கிறது. ஆகவே "வகைக்கெழுச் சமன்பாடு புரியவில்லை, அண்ணா" என்று எழுதுபவருக்குப் பெரும்பாலும் புரியாதது தொகையிடலே.

இதனால்தான் விடையை எழுதி அனுப்புவதற்கு முன், அவர் எழுதிய வரிகளை, அரைகுறையாக இருந்தாலும், படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். தட்டச்சு செய்வதானால் அடைப்புக்குறிகளை வற்புறுத்துவேன். ‘1/2எக்ஸ்’ என்று வந்தால் எக்ஸ் மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்றே தெரியாது.

ஓர் எளிய சமன்பாடு: ஒய்யின் வகைக்கெழு ஒய்க்கே சமம். மாறிகளைப் பிரித்துத் தொகையிடும் மாணவர், சி என்னும் மாறிலியை அந்த வரியிலேயே சேர்க்காமல், மடக்கையை நீக்கிய பிறகு கடைசியில் ஒட்டவைப்பார். விடை ‘ஈ அடுக்கு எக்ஸ், கூட்டல் சி’ என்று ஆகிவிடும். சி பெருக்கலாக வர வேண்டும் என்று நாம் சொல்லிவிட்டால் அந்த ஒரு கணக்கைத் திருத்திக்கொள்வார். அடுத்த கணக்கில் அதையே மறுபடியும் செய்வார். அதற்குப் பதிலாக, கிடைத்த விடையைச் சமன்பாட்டிலேயே பிரதியிடச் சொல்லுங்கள். வகையிட்டதும் இடப்பக்கத்தில் சி மறைந்துவிடுகிறது, வலப்பக்கத்தில் அப்படியே நிற்கிறது. சி பூச்சியமானால் ஒழிய இரண்டும் சமமாகா. யாரும் சொல்லாமலே தம் தவறைக் கண்டுகொண்ட மாணவர், எந்த வரியில் மாறிலி விடுபட்டது என்று தாமே பின்னோக்கித் தேடத் தொடங்குவார். தேர்வறையில் நாம் பக்கத்தில் இருக்கப்போவதில்லை என்பதால், நாம் கற்பிக்கக்கூடியவற்றுள் இந்தப் பிரதியிடும் பழக்கத்தையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

பிரதியிடலும் காட்டாத குறை ஒன்று உண்டு. ஒய்யின் வகைக்கெழு ஒய்யின் வர்க்கத்துக்குச் சமம் என்ற கணக்கில், வர்க்கத்தால் வகுக்கும்போதே, ஒய் எங்கும் பூச்சியம் என்னும் தீர்வு கைநழுவிப் போகிறது. சி-க்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது திரும்பி வராது. வகுக்குமுன் ‘இது பூச்சியமானால் என்ன ஆகும்?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளப் பழக்க வேண்டும்.

மதிப்பெண்ணுக்குரிய ஒப்படைப்பா என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. ஆம் என்றால், அதே முறையில் அமைந்த வேறொரு கணக்கை, பெரும்பாலும் சூடான பொருள் ஆறும் வேகத்தைச் சொல்லும் நியூட்டனின் குளிர்தல் விதியில் வெப்பநிலைகளை மாற்றி, முழுதாகச் செய்துகாட்டி, அவருடைய கணக்கை அவரிடமே விட்டுவிடுகிறேன்.