அலிசரின் என்றால் எந்த அலிசரின்?

என் தாய்மாமாவிடம் ஒரு பழைய துணி இருக்கிறது. சிவப்புத் தரை, அதன் மேல் கறுப்புக் கோட்டில் யாளியும் அன்னமும் கொடியும், இடையிடையே நீலம். ஒரு பக்கம் நேராகக் கிழிந்திருக்கிறது. மறு பக்கத்தில் வேறொரு சிவப்புத் துணியைக் கரையாக வைத்துத் தைத்திருக்கிறார்கள். தேரில் தொங்கவிடும் தொம்பையின் ஒரு பகுதியாக இருக்கலாம். மாமாவைக் கேட்டால் 'இருக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. சரபோஜி மன்னர் எங்கள் முன்னோர் ஒருவருக்குக் கொடுத்தது, அவ்வளவுதான். கும்பகோணத்துக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் சரபோஜி கொடுத்த பொருள் ஏதாவது ஒன்று இருக்கும். அவர் ஆண்டது 1798 முதல் 1832 வரை. அத்தனை வீட்டுக்கும் கொடுத்திருந்தால் அரண்மனையில் பாய்கூட மிஞ்சியிருக்காது.

முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், "மாமா, அந்தச் சிவப்பு எதிலிருந்து வந்தது என்று பார்த்துவிடலாமா?" என்று கேட்டுவைத்தேன். "பார்த்துக்கொள் அம்மா, ஆனால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வா" என்றார்.

முதலில் துணியோவியம் வரையும் ஒருவரிடம் காட்டினேன். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இது அலிசரின்" என்றார். எனக்கு நெஞ்சில் இடி விழுந்தது போலிருந்தது. சாயத்தொழிலில் இருப்பவர்கள் அலிசரின் என்றால் கடையில் எடை போட்டு வாங்கும் தூளைச் சொல்கிறார்கள். அது தொழிற்சாலைச் சரக்கு. 1868-இல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அவர்கள் தரப்பும் இங்கிலாந்தின் வில்லியம் பெர்கினும் ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ஆக, துணியில் அந்தத் தூள் இருந்தால் சரபோஜி கதை அங்கேயே முடிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் பாடம் நடத்திய புத்தி வேலை செய்தது. அலிசரின் என்பது ஒரு மூலக்கூறின் பெயர். தொழிற்சாலை அதைச் செய்வதற்கு முன்பு அது வேர்களில் இருந்தது. சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேர் என்ற சின்னச் செடியின் வேரிலும் இருப்பது அலிசரின்தான். அந்த ஓவியர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதனால் எனக்கு ஒன்றும் தெரியவரவில்லை.

எங்கே சோதிப்பது என்று அலைந்த கதையை விட்டுவிடுகிறேன். ஓர் அலுவலகம் நான்கு மாதம் கழித்து, விண்ணப்பத்தை மூன்று படிகளில் அனுப்பும்படி பதில் போட்டது. கடைசியில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி, வெளிமாநிலத்தில் பழம்பொருள்களின் நிறங்களை ஆராயும் கூடம் ஒன்றில் வேலை பார்ப்பது தெரியவந்தது. பத்தாம் வகுப்பில் சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரியாமல் அழுதவள்.

துணியை மடிக்காமல் ஒரு பிவிசி குழாயில் சுற்றி ரயிலில் எடுத்துப் போனேன். என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டே போனேன் என்றும் சொல்ல வேண்டும். அவள் பார்த்ததும் முதலில் சொன்னது, "டீச்சர், பிவிசி நாளடைவில் அமிலம் கக்கும். நீங்களா இப்படி?"

இரண்டாவது அவமானம் சிறிது நேரத்தில் வந்தது. அறையை இருட்டாக்கி, புற ஊதா டார்ச்சைத் துணி மேல் பிடித்தாள். ஒரு மூலை மட்டும் நிலா வெளிச்சத்தில் வேட்டி போல நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. "இங்கே சோப்புத்தூள் போட்டிருக்கிறீர்களா?" அழுக்காக இருக்கிறதே என்று இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த மூலையை மட்டும் நனைத்துக் கசக்கியிருந்தேன். சலவைத் தூளில் வெண்மை கூட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள் இழையிலேயே தங்கிவிடுகிறது. இனி அந்த மூலையிலிருந்து நூல் எடுக்கக் கூடாது என்று குறித்துக்கொண்டாள்.

ஆனால் அதே இருட்டில் பயனுள்ள ஒன்றையும் காட்டினாள். ஐரோப்பாவின் மேடர் வேரில் சாயமேற்றிய துணி இந்த விளக்கில் ஆரஞ்சாக மின்னும். அதற்குக் காரணம் அந்த வேரில் அலிசரினோடு சேர்ந்திருக்கும் பர்ப்பூரின் முதலான பொருள்கள். மாமாவின் துணி அப்படி மின்னவில்லை, மங்கிக் கிடந்தது. "இது சாட்சியாகாது, சந்தேகம்தான்" என்றாள்.

நூலைத் தொடாமல் செய்யும் சோதனைகள் ஒரு நாளில் முடிந்தன. எக்ஸ் கதிர்க் கருவி கறுப்புக் கோடுகளில் இரும்பைக் காட்டியது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் காசக் கறுப்பு என்றால் அப்படித்தான் இருக்கும். சிவப்பில், சாயத்தைத் துணியோடு பிடித்துவைக்கும் படிகாரத்தின் அலுமினியத்தைத் தேடினோம். கையடக்கக் கருவிக்கு அவ்வளவு இலேசான தனிமம் சரியாகப் பிடிபடாதாம். நீலம் இண்டிகோ என்பது ஒளிச்சிதறலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் அவுரியின் நீலமும் 1897 முதல் ஜெர்மனியிலிருந்து வந்த தொழிற்சாலை நீலமும் ஒரே மூலக்கூறு. நீலத்தைக் கேட்டுப் பயனில்லை, சிவப்புதான் வாய் திறக்க வேண்டும்.

அதற்கு நூல் வேண்டும். கிழிந்த விளிம்பில் ஏற்கெனவே பிரிந்து தொங்கிய இழையிலிருந்து மூன்று மில்லிமீட்டர், தைத்த கரையிலிருந்து இன்னொரு மூன்று மில்லிமீட்டர். எறும்பின் நீளம்கூட இல்லை. மின்விசிறியை நிறுத்தினாள். உருப்பெருக்கியின் கீழே இடுக்கியால் இழையைப் பிடித்து, சின்னக் கத்தரியால் நறுக்கி, கண்ணாடிக் குப்பிக்குள் போட்டாள். மூச்சுவிட்டால் பறந்துவிடும் என்று நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "துணியை வெட்டினாயா?" என்று இரண்டு நாள் பேசவில்லை.

பழைய முறையில் இழையைக் கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுடவைப்பார்களாம். சாயம் முழுசாக வெளியே வந்துவிடும், ஆனால் வேரின் சாயப்பொருள்களோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைகள் அறுந்துபோகும். எந்த வேர் என்று அடையாளம் சொல்லக்கூடிய சின்னச் சின்னத் தடயங்களும் அவற்றோடு போய்விடும். இவள் மென்மையான முறையை எடுத்தாள்: மெத்தனாலில் கொஞ்சம் பார்மிக் அமிலம், நாற்பது டிகிரிச் சூடு, அரை மணி நேரம். குப்பியில் இளமஞ்சள் நிறம் இறங்கியது. இழை வெளுத்துப் பழைய பருத்தியாகக் கிடந்தது.

எச்.பி.எல்.சி. கருவி என்று பெயர் பெரிதே தவிர, நான் வகுப்பில் செய்து காட்டும் வேலைதான். சாக்குக்கட்டியில் மைப்பொட்டு வைத்துத் தண்ணீரில் நிறுத்தினால் மை ஏறும்போது நிறங்கள் பிரியும் அல்லவா? இங்கே சாக்குக்கட்டிக்குப் பதில் மெல்லிய உருக்குக் குழாய், கண்பார்வைக்குப் பதில் ஒவ்வொரு பொருளும் எந்த அலைநீளத்தை விழுங்குகிறது என்று எழுதிவைக்கும் உணர்கருவி. அலிசரின் 430 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும். பர்ப்பூரின் அதற்குப் பிறகு வெளியே வரும், 480-ஐ ஒட்டி உறிஞ்சும்.

திரையில் பெரிய கோபுரம் போல அலிசரின் எழுந்தது. பர்ப்பூரின் வரவேண்டிய நிமிடத்தில் கோடு தரையோடு போனது. மேடர் வேராக இருந்தால் இரண்டும் இருக்கும். நம்மூர் மஞ்சிட்டியாக இருந்தால் பர்ப்பூரினும் முஞ்சிஸ்டினும் முன்னால் நிற்கும், அலிசரின் இருந்தாலும் பெயருக்குத்தான். சாயவேரில் அலிசரின் உண்டு, பர்ப்பூரின் கிடையாது. நான் கைதட்டாத குறை.

"டீச்சர், அவசரப்படாதீர்கள். தொழிற்சாலை அலிசரினிலும் பர்ப்பூரின் இருக்காது."

அன்றைக்கு அந்தப் பெண்தான் டீச்சர். பெரிய கோபுரத்தை விட்டுவிட்டு, அதன் காலடியில் இருக்கும் சின்ன மேடுகளைப் பார்க்க வேண்டும் என்றாள். தொழிற்சாலையில் அலிசரின் செய்யும்போது ஆந்த்ரபர்ப்பூரின், பிளேவோபர்ப்பூரின் என்ற இரண்டும் கூடவே உருவாகும். சாயவேரிலோ அலிசரினின் மெத்தில் ஈதர்கள் போன்ற வேறு சில துணைப்பொருள்கள் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். சாயவேரில் என்னென்ன இருக்கிறது என்று 1893-இல் ஹம்மெல் என்பவரோடு சேர்ந்து பிரித்துப் பார்த்தவர் ஆர்தர் ஜார்ஜ் பெர்கின். காப்புரிமைக்கு ஒரு நாள் பிந்தினாரே, அந்த வில்லியம் பெர்கினின் மகன். அப்பா செய்த தூள் வேரின் பிழைப்பைக் கெடுத்தது, மகன் அதே வேரை ஆய்வகத்தில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் இழையிலும் சின்ன மேடுகள் இருந்தன. அவை சாயவேருடையவையா என்று சொல்ல, சாயவேரில் தோய்த்த துணி ஒன்று ஒப்பிட வேண்டும். கூடத்து அலமாரியில் மேடர், மஞ்சிட்டி, அரக்கு, மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சி, நுணாவேர் எல்லாம் இருந்தன. சாயவேர் இல்லை. "உங்கள் ஊர்ப்பக்கம்தானே டீச்சர், நீங்களே தோய்த்து அனுப்புங்களேன்" என்றாள்.

ஊருக்கு வந்து வேதாரண்யம் பக்கத்து மணற்பாட்டுக்குப் போனேன். புத்தகத்தில் படம் பார்த்திருந்தும் புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் சாயவேர் என்று சொன்னேன், புரியவில்லை. இம்பூறல் என்றதும் காலடியிலேயே காட்டினார். "இம்பூறல் காணாது இரத்தம் கக்கிச் செத்தான் என்பார்கள், உனக்கு இருமலா?" என்று விசாரித்தார். சாயத்துக்கு என்றேன். நம்பவில்லை. செடி ஒரு சாண்கூட இல்லை, வெள்ளைப் பூ கடுகு போல. வேரோ மணலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. இழுத்தால் அறுந்துவிடும், கையால் மணலை விலக்கி விலக்கித்தான் எடுக்க வேண்டும். நகத்தால் தோலைக் கீறினால் உள்ளே மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். சிவப்பு அங்கே இல்லை. அரை நாள் தோண்டியதில் இரண்டு கை கொள்ளும் அளவு கிடைத்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த வேரைத் தோண்டுவதையே ஒல்லாந்தர் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள் என்று படித்திருந்தேன். குனிந்த முதுகு நிமிராதபோது, அந்நாளில் தோண்டியவர்களின் முதுகை நினைத்துக்கொண்டேன்.

கடுக்காய்த்தூளை எருமைப்பாலில் கலக்கி, வெளுத்த காடாத்துணியை ஊறவைத்து உலர்த்தினேன். பாலில் இருக்கும் கொழுப்பு, அடுத்துத் தடவும் படிகாரத்தைப் பரவாமல் நிறுத்துகிறது. 18-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் இருந்த கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742-இல் எழுதிய கடிதத்திலும் இந்த எருமைப்பால் வருகிறது. படிகாரக் கரைசலால் ஒரு கோலம் போட்டேன். கண்ணுக்குத் தெரியவில்லை. அலசிவிட்டு, வேர்த்தூள் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்தேன்.

கோலம் வந்தது, செங்கல்லும் இல்லாமல் கத்தரிக்காயும் இல்லாமல் ஒரு பழுப்பில். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பக்கெட் விளிம்பையே துருநிறமாக்கும். இரும்பு பட்டால் இந்தச் சாயம் கறுக்கும் என்று துணியின் கறுப்புக் கோட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டவள், அதே தண்ணீரில் கொதிக்கவைத்திருக்கிறேன். பழைய சாயக்காரர்கள் இந்த ஊர்த் தண்ணீர் ஆகும், அந்த ஊர்த் தண்ணீர் ஆகாது என்று பார்த்ததில் மூடநம்பிக்கை ஒன்றுமில்லை. இரண்டாம் முறை மொட்டைமாடியில் பிடித்த மழைத்தண்ணீர். வெள்ளைத் துணி கொதியில் மெல்ல இளஞ்சிவப்பாகி, படிகாரம் தடவிய இடம் மட்டும் இரத்தச் சிவப்பாக எழுந்து வந்தபோது, அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். அதில் ஒரு துண்டைத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. பழைய துணியின் சிவப்பில் இருந்த சின்ன மேடுகள், நான் அனுப்பிய துண்டின் மேடுகளோடு அதே நிமிடங்களில், அதே வடிவில் பொருந்தின. தொழிற்சாலைத் தடயம் அதில் இல்லை. தைத்த கரையிலோ ஆந்த்ரபர்ப்பூரினும் பிளேவோபர்ப்பூரினும் பளிச்சென்று நின்றன. அது 1869-க்குப் பிந்தைய சரக்கு.

மாமா அறிக்கையை என்னை வாசிக்கச் சொன்னார். "'சாயவேருடன் ஒத்துப்போகிறது' என்றால் என்ன அர்த்தம்? சாயவேர் என்று போட வேண்டியதுதானே?" என்றார். ஒப்பிட்டது ஒரே ஒரு வேரோடுதான், அதனால் அவ்வளவுதான் எழுத முடியும் என்றேன். சரபோஜி காலமா என்றார். தொழிற்சாலைத் தூள் வந்த பிறகும் சாயவேர் கொஞ்ச காலம் புழங்கியது, வேரை வைத்து ஆண்டு சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றேன். இந்தக் கடைசிச் சொற்களை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு திருப்தியானார்.

கரையைப் பற்றிச் சொன்னபோது அத்தை உள்ளேயிருந்து, "அதை உங்கள் பாட்டிதானே தைத்தாள். சந்தைத் துணி. விளிம்பு பிரிகிறது என்று சொல்லிச் சொல்லித் தைத்தாள், என்னைக் கேட்டால் நானே சொல்லியிருப்பேனே" என்றார்.

துணி இப்போது அமிலமில்லாத அட்டைக் குழாயில், மல்துணி சுற்றி, அந்துருண்டை இல்லாமல் இருக்கிறது. மழைத்தண்ணீர்ச் சிவப்பில் மிச்சத்தை மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். பழுப்பாகப் போன முதல் துணி என் அடுப்படியில் கரித்துணியாக இருக்கிறது. சலவைத் தூளில் எத்தனையோ முறை போட்டுவிட்டேன், அந்தக் கோலம் இன்னும் போகவில்லை.