வடக்குச் சுவரோரம்: வாடிய செடிகளின் நாட்குறிப்பு

ஜூன் 8

அக்னி நட்சத்திரம் முடியட்டும் என்று காத்திருந்து இன்றுதான் நட்டேன். வீட்டுக்கு வடக்கே, காம்பவுண்டுச் சுவர்வரை மூன்றடி அகலத்துக்கு மண் கிடக்கிறது. போன நவம்பரில் தாம்பரத்துக்குக் குடிவந்தபோது அங்கே பொட்டு வெயில்கூட விழவில்லை. அதை நம்பி நிழல் செடிகளாகவே வாங்கினேன். பீஸ் லில்லி நான்கு, கலாத்தியா மூன்று, பெரணி இரண்டு, அம்மா கேட்டாள் என்று சித்தரத்தை ஒன்று. ஆந்திராவில் கடியத்திலிருந்து லாரியில் வந்த செடிகள் என்றார் நர்சரிக்காரர். கவரைக் கிழித்து, வேரைச் சுற்றியிருந்த தாய்மண் கட்டி உடையாமல் குழியில் இறக்கினேன்.

ஜூன் 10

மதியம் போய்ப் பார்த்தால் பீஸ் லில்லி நான்கும் பூவோடு தரையில் படுத்துக் கிடக்கின்றன. கலாத்தியா இலைகள் சுருட்டு மாதிரி சுருண்டுவிட்டன. பதறிப்போய் ஆளுக்கு அரை வாளி ஊற்றினேன். இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன், அப்படியேதான் கிடந்தன.

ஜூன் 12

காலை ஆறு மணி. வெயிலே வரவில்லை, அதற்குள் தலை தொங்கல். அம்மா வந்து நின்றாள். "மத்தியானம் வாடி ராத்திரி நிமிர்ந்தா பயப்படாத, அது வெயிலுக்கு வாடுறது. விடியக்காலையிலயும் தொங்கினா வேருக்குத் தண்ணி போகலைன்னு அர்த்தம். தோண்டிப் பாரு."

தோண்டினேன். சுற்றிலும் சேறு. ஆனால் தாய்மண்ணைப் பிளந்தால் உள்ளே செங்கல் மாதிரி காய்ந்து கிடக்கிறது! இறுகிய களிமண். நான் ஊற்றியதெல்லாம் அதன் ஓரமாக வழிந்து போயிருக்கிறது. வேர் முழுக்க அந்தக் கட்டிக்குள்தான் இருக்கிறது, வெளியே ஒன்றுகூட நீளவில்லை.

செடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தேன். குமிழி நிற்கவே அரைமணி ஆனது. ஊறியபின் வெளிப்புறக் களியை விரலால் உதிர்த்து, வட்டமாகச் சுற்றியிருந்த வேர்களைப் பிரித்துவிட்டு, முன்பிருந்த அதே ஆழத்தில் திரும்ப நட்டேன். ஆழமாகப் புதைத்தால் குருத்து அழுகும். பீஸ் லில்லியின் பூக்களை மனசில்லாமல் வெட்டினேன். இருக்கிற கொஞ்ச வேருக்கு அந்தச் சுமை வேண்டாம்.

சாயங்காலம் மூன்று பீஸ் லில்லி எழுந்து நின்றன. கண் கலங்கிவிட்டது.

ஜூன் 14

லீவு போட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன். பத்தரை மணிக்கு வெயில் நேராக இலை மேல் இறங்குகிறது. வடக்குப் பக்கத்திலா? யோசித்தபின் புரிந்தது. சூரியன் வடக்கே போயிருக்கிற காலம் இது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நம் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். நவம்பரில் பார்த்த நிழலை நம்பி ஜூனில் நட்டிருக்கிறேன். நிழல் செடி வைப்பவர்கள் தயவுசெய்து ஜூன் மாதத்தில் ஒருமுறை இடத்தைப் பாருங்கள். போதாததற்கு மேற்குக் காற்று அனலாக அடிக்கிறது. கடல்காற்று வரவே மதியம் தாண்டிவிடுகிறது.

நிழலுக்காக உடனே மேலே கட்ட அம்மாவின் பழைய நூல் புடவைதான் கிடைத்தது. நாளை பச்சை நிழல் வலை வாங்க வேண்டும்.

ஜூன் 17

வலை கட்டியாயிற்று. 50 சதவீத நிழல் தருவது, பக்கவாட்டில் காற்றோட்டம் விட்டு. காய்ந்த வேப்பஞ்சருகை இரண்டங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டேன், தண்டைத் தொடாமல்.

நான்காவது பீஸ் லில்லி மட்டும் எழவில்லை. குழாயடிப் பள்ளத்தில் இருந்தது அது. கீழிலைகள் மஞ்சள், வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று, சாக்கடை வாசனை. இதற்குத் தண்ணீர் மிஞ்சிவிட்டது. தாகத்தில் வாடினாலும் அழுகி வாடினாலும் மேலே ஒரே தோற்றம்தான். மண்ணில் விரல் விடாமல் வாளியைத் தூக்கியது என் தப்பு. அழுகியதை வெட்டிவிட்டு, மணல் கலந்த தொட்டிக்கு மாற்றினேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் அன்பாக ஒரு கைப்பிடி யூரியா கொண்டுவந்தார். வாங்கி வைத்துக்கொண்டேன், போடவில்லை. அடிபட்ட வேருக்கு உப்பு உரம் பட்டால் இருக்கிற ஈரமும் அதற்குக் கிடைக்காது.

ஜூன் 25

பெரணியின் பழைய ஓலை எல்லாம் கருகிவிட்டது. அது இனிப் பச்சையாகாது, அடியோடு வெட்டினேன். வெட்டியபின்தான் தெரிந்தது, நடுவில் நத்தை போலச் சுருண்ட குருத்துகள் ஏழு. எண்ணி எண்ணிப் பார்த்தேன்.

கலாத்தியா ஒன்று போய்விட்டது. மற்ற இரண்டும் இரவில் இலையைத் தூக்கி மடக்குகின்றன, காலையில் விரிக்கின்றன. அந்த அசைவு திரும்பியதே எனக்குப் பெரிய நிம்மதி.

ஜூலை 5

இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். காலையில், மெதுவாக, ஆழமாக. இரண்டு அங்குலத்துக்கு விரல் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும். மதியம் இலை லேசாகத் தொய்ந்தாலும் சாயங்காலம்வரை பொறுத்துக்கொள்கிறேன். தொட்டியிலிருக்கும் பீஸ் லில்லியில் ஒரே ஒரு புது இலை, சுருள் பிரியாமல். வலையை ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை அவிழ்க்கப்போவதில்லை.

சித்தரத்தை பற்றி எழுதவே மறந்துவிட்டேன். அது ஒரு நாளும் வாடவில்லை. பக்கத்தில் இன்னொரு முளை விட்டிருக்கிறது, அம்மா அதைச் சுற்றி குச்சி நட்டு வைத்திருக்கிறாள்.