பழைய புல்லட்: முதலில் புக், அப்புறம்தான் என்ஜின்

பழைய புல்லட் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, ஆர்.சி. புக் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். என்ஜின் சத்தம், டேங்க் பளபளப்பு, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். சென்னையில் எந்த நிலையில் கிடக்கும் புல்லட் என்ஜினையும் எழுப்பிவிடலாம். இது இந்த ஊர் வண்டி. ராணுவத்தின் ஆர்டரைத் தொடர்ந்து 1955-இல் இங்கே ஆரம்பித்து, திருவொற்றியூர் தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் செய்யப்பட்டது. லேத் பட்டறை, உதிரிபாகம், கை தேர்ந்த மெக்கானிக் என்று எல்லாமே பக்கத்தில் இருக்கிறது. ஆனால் இறந்துபோன ஒருவர் பெயரில், காலாவதியாகி, கணினியிலும் ஏறாமல் கிடக்கும் ஒரு புக்கை உயிர்ப்பிப்பது வேறு வேலை. எனக்கு இரண்டும் ஒரே வண்டியில் வந்து சேர்ந்தன.

வண்டி, தொண்ணூறுகளின் நடுவில் வந்த 350 ஸ்டாண்டர்டு. காஸ்ட் அயர்ன் என்ஜின், நாலு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பாயிண்ட் இக்னிஷன் (தொட்டு விலகும் சிறு முனைகளால் தீப்பொறி விடும் பழைய முறை). மந்தைவெளியில் ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே வருடக்கணக்கில் நின்றிருந்தது. முதலில் வாங்கியவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். அவர் மனைவிதான் விற்றார். "கண்டவங்க கையில போய் சைலன்சரைக் கழட்டிட்டு ஓட்டுவாங்களேன்னுதான் இத்தனை நாள் குடுக்கல தம்பி" என்றார். அதற்கு நான் கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறேன். கம்பெனி சைலன்சர்தான் இருக்கிறது.

விலை பேசும் முன் இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, சேஸிஸ் நம்பர். ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில் இருக்கும். துருவைத் துணியால் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புக்கில் இருக்கும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். என்ஜின் நம்பருக்கும் அப்படியே. ஒரு எழுத்து மாறினாலும் வாங்காதீர்கள். இரண்டாவது, வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது இந்த ஊரில் மூழ்கிய வண்டிகளுக்குக் கணக்கில்லை, 2023 மிக்ஜாம் புயலிலும் அதே கதை. வெளியில் கழுவிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஆனால் ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே விரலால் தடவினால் மாவு மாதிரி வண்டல் ஒட்டும், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையிலும் அது தங்கியிருக்கும். இந்த வண்டி படியோரம் மேடையில் நின்றதால் தப்பித்திருந்தது. உள்ளே சிலந்தி வலைதான் இருந்தது.

இப்போது தாள் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

இருசக்கர வாகனத்தின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்கு அது நடக்கவே இல்லை. தவிர அது அட்டை போட்ட பழைய புக். வண்டி எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் அடித்தால் விவரமே வரவில்லை. இப்படி இருந்தால் எந்த விண்ணப்பத்தையும் ஆரம்பிக்கவே முடியாது. வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அசல் புக்கைக் காட்டி, பழைய பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். பேக்லாக் என்பார்கள். கவுன்ட்டரில் இருந்த அம்மா புக்கைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, ஆயுள் வரி கட்டிய முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று சரிபார்த்தார். பழைய கடன் குறிப்பு ஏதாவது இருந்தால் அதை நீக்கப் படிவம் 35 வேண்டும், இதில் அது இல்லை. அந்தப் புக் கிழியாமல், நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. வண்டி துருப்பிடித்தாலும் பரவாயில்லை, புக்கை மட்டும் பத்திரமாக வையுங்கள் என்று வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

உரிமையாளர் இறந்துவிட்டால் நேராக நம் பெயருக்கு மாற்ற முடியாது. முதலில் வாரிசு பெயருக்கு வர வேண்டும், அதற்குப் படிவம் 31. இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் இவை வேண்டும். வண்டியை விற்ற அம்மாவின் மகன் வெளியூரில் இருந்தார். அவர் கையெழுத்து வந்து சேரும்வரை பொறுத்திருந்தோம். அதன் பிறகுதான் விற்பவர் கொடுக்கும் படிவம் 29, நாம் கொடுக்கும் படிவம் 30. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். "29, 30-இல கையெழுத்து மட்டும் வாங்கி வெச்சுக்கங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். நாளைக்கு விபத்து ஒன்று நடந்தால் போலீஸ் போய் நிற்பது அந்த அம்மாவின் வாசலில்.

பணத்திலும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டேன். வண்டி அவர் பெயருக்கு மாறியதும் ஒரு பகுதி, என் பெயருக்கு வந்ததும் மீதி. இரண்டு பக்கமும் நிம்மதி.

புதுப்பிப்பதற்குப் படிவம் 25. அதோடு வண்டியை இன்ஸ்பெக்டர் முன் நிறுத்த வேண்டும், இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் இருக்க வேண்டும். புகைச் சான்று வேண்டுமென்றால் என்ஜின் ஓட வேண்டும். ஆகவே வாரிசு மாற்றத்துக்கான தாள்கள் ஒரு பக்கம் நகர, வண்டியைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி ராயப்பேட்டைக்குக் கொண்டுபோனேன். பதிவு காலாவதியான வண்டியை ரோட்டில் உருட்டிக்கூடப் பார்க்க எனக்கு மனமில்லை.

ராயப்பேட்டையில் பாய் ஒருவர் காஸ்ட் அயர்ன் புல்லட் மட்டும்தான் பார்ப்பார். வண்டியை இறக்கியதும் நான் ஆர்வத்தில் கிக்கர் பக்கம் போனேன். "இரு தம்பி. ஆயில் எங்க நிக்குதுன்னு பார்க்காம கிக்கர்ல கால வைக்கக் கூடாது" என்றார். இந்த என்ஜினில் ஆயில் டேங்க் தனியாக வெளியே இல்லை, கிராங்க் கேஸோடு, அதாவது என்ஜினின் அடிக்கூட்டோடு, சேர்ந்தே இருக்கிறது. நாள்கணக்கில் நின்றால் பம்ப் வழியாக ஆயில் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்குள் நிறைந்துவிடும். அந்த நிலையில் பலம் கொண்டு உதைத்தால் ஏதாவது உடையும், ஓடினாலும் புகை மண்டும். கீழே இருந்த போல்ட்டைத் திறந்ததும் கறுப்புக் குழம்பாக அது வழிந்து முடிய வெகுநேரம் ஆனது.

பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற வைத்தார். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெல்ல மெல்லத் திருப்பினோம். பிஸ்டன் நகர்ந்தது. சிலிண்டர் போரின் (உள்துளையின்) தேய்மானம் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது, ரிங் மட்டும் மாற்றி வால்வை லேப்பிங் செய்தால் (தேய்த்துப் பொருத்தினால்) போதும் என்றார். வேறு யாராவது இருந்தால் புது பிஸ்டன், போர் என்று மொத்தமாகப் பிரித்திருப்பார்கள். தேவைக்கு மேல் ஒரு நட்டைக்கூடத் திறக்காத மெக்கானிக் கிடைப்பது பெரிய பேறு.

வலது பக்கம் டைமிங் கவரைத் திறந்தபோது அவர் காட்டிய ஒரு சின்னப் பொருளை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடமான பிக் எண்டுக்கு ஆயில் போகும் வழியில், கவருக்கும் கிராங்க் முனைக்கும் நடுவில் ஒரு கார்க் சீல் இருக்கிறது. விரல் நுனி அளவுதான். அது காய்ந்து சுருங்கிவிட்டால் ஆயில் பக்கவாட்டில் கசிந்துபோய் பிக் எண்ட் பட்டினி கிடக்கும், கொஞ்ச நாளில் கனெக்டிங் ராடு தட்ட ஆரம்பிக்கும். கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புது சீல் போட வேண்டும். புது ஆயில், 20-டபிள்யூ-50, ஊற்றி முதன்முறை ஓட்டியவுடன், மேலே வால்வை இயக்கும் ராக்கருக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி ஆயில் ஊறி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆக்ஸிலேட்டரைத் தொட விட்டார். கியர் பாக்ஸ், கிளட்ச் பக்கச் செயின் கேஸ் இரண்டுக்கும் தனித்தனி ஆயில் என்பதையும் மறக்கக் கூடாது.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, வைக்க பாயிண்டுக்கு நடுவில் மெல்லிய சிகரெட் தாளைச் செருகி, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும்போது தாள் விடுபடுகிறதா என்று பார்த்தார். அட்வான்ஸ் எடுக்காத, அதாவது வேகத்துக்கேற்பத் தீப்பொறி முந்தத் தொடங்காத நிலையில் உள்ள அளவு இது. வால்வுக்கு அசைவைக் கொண்டுபோகும் கம்பியான புஷ்ராடு, குளிர்ந்த என்ஜினில் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஸ்கேனர் எதுவும் வேண்டாம், விரலும் கண்ணும் போதும். இந்த வண்டி மேல் எனக்கிருக்கும் காதலுக்கு இதுவும் ஒரு காரணம்.

உதிரிபாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் போனேன். கேபிள், பிரேக் ஷூ, கேஸ்கெட், பாயிண்ட் செட், கண்டென்சர் இதெல்லாம் புதிதாகவே வாங்க வேண்டும். ஹெட்லைட் கூடு, ஆம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்), டூல் பாக்ஸ் மூடி மாதிரியானவை புதுப்பேட்டையில் பழசில் கிடைக்கும். இன்று வரும் புது மூடியைவிட அந்தப் பழைய தகடு கனமாக இருக்கிறது. எதை வாங்கினாலும் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். நம்பர் அடித்த என்ஜின் கேஸ், ஃபிரேம் மட்டும் அங்கே வாங்கவே வேண்டாம். அதன் பின்னால் எந்த வழக்கு இருக்கிறதோ தெரியாது.

டேங்க் உள்ளே துரு. எலுமிச்சை உப்பைச் சுடுநீரில் கரைத்து ஊற்றி ஒரு இரவு வைத்து, சமையல் சோடாத் தண்ணீரால் அலசி, உடனே காய வைத்துப் பெட்ரோல் விட்டுக் குலுக்கிக் கொட்டினோம். வெளிப் பெயின்டைத் தொடவில்லை. திருவொற்றியூரில் டேங்கின் தங்கக் கோடுகளைத் தூரிகையால் கையாலேயே இழுப்பார்கள். ஒரு இடத்தில் மெலிந்து ஒரு இடத்தில் தடித்துப் போகும் அந்தக் கோட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூட எனக்கு உரிமை இல்லை. பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் மாற்றியே ஆக வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் உப்பும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சில வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடி கார்புரேட்டரைக் காலி செய்துவிடுகிறேன்.

டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம்தான் அதன் வயது: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வருடத்துக்கு மேல் ஆன டயர், விரிசல் விட்டுக் கல்லாகியிருந்தது. இரண்டையும் மாற்றினேன். வயரிங் முழுக்கப் புதிது.

ஸ்டார்ட் செய்யப் பாய் கற்றுக்கொடுத்த முறை: சாவியைப் போட்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்து. அங்கே சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து ஒரு இழை தாண்ட விடு. லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து முழுசாக ஒரே மிதி. பலம் வேண்டாம், என் அம்மாவே ஸ்டார்ட் செய்கிறார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மந்தைவெளி அம்மா பெயரில் எடுத்தோம். 346 சிசி என்பதால் 150 முதல் 350 சிசி வரையிலான பிரிவு, 2022-இல் நிர்ணயித்தபடி பிரீமியம் 1,366 ரூபாய், வரி தனி. புகைச் சோதனையில் 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வாகனங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம்வரை அனுமதி. பெட்ரோல்-காற்று மிக்ஸ்சர் சரியாக வைத்த புல்லட் அதற்குள் வந்துவிடும். சான்று ஆறு மாதத்துக்குத்தான், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டு தாண்டிய இருசக்கர வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள், பசுமை வரி அதற்கு மேல். இன்ஸ்பெக்டர் ஹாரன், ஹெட்லைட், பிரேக், நம்பர் பிளேட் பார்த்தார், சேஸிஸ் நம்பரை அவரே குனிந்து படித்தார். கழுத்துப் பகுதியைச் சுத்தம் செய்து, எண் தெரியும்படி கொண்டுபோயிருந்தது நல்லதாயிற்று.

ஆர்.சி. இப்போது தபாலில்தான் வரும், 2024 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் அப்படி. ஆகவே முகவரியும் கைபேசி எண்ணும் சரியாக இருக்க வேண்டும். முதல் அட்டை அந்த அம்மா பெயரில் வந்தது. 29, 30 கொடுத்து அடுத்தது என் பெயரில் வந்தது. அன்றே இன்ஷூரன்ஸையும் என் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தேன், அதற்கு 14 நாள்தான் அவகாசம். மீதிப் பணத்தோடு வண்டியிலேயே மந்தைவெளி போனேன். அந்த அம்மா வாசலுக்கு வந்து, "சத்தம் அவர் ஓட்டுற மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டூல் பாக்ஸில் இருக்க வேண்டிய பழைய ஸ்பேனர் செட்டை எடுத்து வந்து கொடுத்தார்.

500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, புஷ்ராடு பார்த்தாயிற்று. கியர் பாக்ஸ் பக்கம் ஒரு துளி ஆயில் சொட்டுகிறது. அந்த சீலை மழைக்காலத்துக்கு முன் மாற்றித் தருவதாகப் பாய் சொல்லியிருக்கிறார்.