வண்ணக்கரின் நோட்டீசும் பாமினி எழுத்தும்

வைகாசி பிறக்க முன்னமே எங்கட கடைக்குச் சடங்கு நோட்டீஸ்கள் வரத் தொடங்கிவிடும். களுவாஞ்சிகுடியில் டைப்பிங், போட்டோக்கொப்பி, லெமினேற்றிங் என்று ஓடுகிற சின்னக் கடை. போன கிழமை மண்டூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு கண்ணகியம்மன் கோயில் வண்ணக்கர் பாதையேறி வந்தார். (வெளியூர் ஆக்களுக்காக: வண்ணக்கர் என்றால் கோயிலை நிர்வகிக்கிறவர்; குருமண்வெளித் துறையில் ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடத்திவிடுகிற மிதவைக்கு இங்க 'பாதை' என்றுதான் பேர்.)

வந்த கையோடு போனை நீட்டினார். "புள்ள, போன வரியம் நீங்க அடிச்சுத் தந்த நோட்டீஸ்தான். மகன் திகதிய மட்டும் மாத்திப்போட்டு வட்ஸ்அப்புல அனுப்பினவன். பாருங்க, முழுக்க இங்கிலீசாக் கிடக்கு. வைரஸ் ஏதும் புடிச்சிட்டோ?"

பார்த்தேன். மேலே 'அம்மன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, செமிகோலன், கே, டி, செமிகோலன். வைரஸ் இல்லை, பாமினி. பிழையும் என்னுடையதுதான். போன வருசம் அவசரத்தில் வேர்ட் கோப்பாகவே பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்திருந்தேன்.

இலங்கையில் தட்டச்சுப் பழகின எங்களில் பாதிப்பேர் பாமினியில்தான் பழகினோம். அந்த எழுத்துருவில் நாங்கள் 'அ' என்று அடிக்கும்போது கொம்பியூட்டருக்குள் போவது ஆங்கிலச் சின்ன 'எம்'. அந்த எம்முக்கு 'அ' உருவத்தைக் கீறி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கூத்துக்கு உடுப்புக் கட்டின மாதிரி. உடுப்போடு களரியில் நிற்கும்வரை அருச்சுனன், கழற்றினால் பக்கத்து வீட்டு மாமா. எழுத்துரு இல்லாத போனில் கோப்பைத் திறந்தால் உடுப்புக் கழன்றுவிடும். யூனிகோட் அப்படியில்லை. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கென்று தனி எண்கள் ஒதுக்கியாகிவிட்டது. எந்தப் போனிலும் 'அ' என்றால் 'அ'தான்.

இதை விளங்காமல் பலர் செய்கிற வேலை, முழுவதையும் தெரிவு செய்து எழுத்துருவை லதா, நிர்மலா என்று மாற்றிப் பார்ப்பது. மாறாது. எழுத்துருவை மாற்றினால் உடுப்புத்தான் மாறும்.

நோட்டீசை ஆட்கள் வாசித்தால் போதும் என்றால் பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள். வேர்ட் 2010 முதல் 'சேவ் ஆஸ்' போய் வகையில் பிடிஎப் என்று தெரிவு செய்தால் சரி. பாமினி இருக்கிற கொம்பியூட்டரிலேயே இதைச் செய்ய வேண்டும். எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே போய்விடும் என்பதால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். ஆனால் அதிலிருந்து ஒரு வரியைக் கொப்பி பண்ணி பேஸ்புக்கில் ஒட்டினால் திரும்பவும் எம், கே, செமிகோலன்தான்.

வண்ணக்கருக்கு இரண்டும் வேணுமாம். நோட்டீசும் வேணும், பேஸ்புக்கில் போடவும் வேணும். அப்போ உண்மையாகவே யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி கனகாலமாய் இணையத்தில் இருக்கு; விண்டோஸில் நிறுவி வைப்பதென்றால் என்எச்எம் கன்வேர்ட்டர். பாமினி என்று தெரிவு செய்து, ஒட்டி, மாற்றி எடுப்பது ஒரு நிமிச வேலை. மறுகா பிழை பார்க்கிறதுதான் அரை மணித்தியாலம்.

பெரிய கரைச்சல் ஆங்கிலச் சொற்கள். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. ஈமெயில் முகவரியையும் தமிழாக்கிக் குப்பையாக்கிவிடும். நான் செய்கிறது இது: மாற்றமுதல் ஆங்கிலச் சொல் இருக்கிற இடத்தில் 9001, 9002 என்று இலக்கம் போட்டு, சொற்களைக் கொப்பியில் எழுதி வைப்பேன். இலக்கங்கள் மாறாமல் அப்படியே வரும். பிறகு ஒவ்வொன்றாய்த் திரும்பப் போடுவேன். பழைய முறைதான், இதுவரை பிசகினதில்லை.

அடுத்தது ஆய்த எழுத்து. பாமினியில் சரிவுக்கோடு இருந்த இடமெல்லாம் மாற்றின பிறகு 'ஃ' ஆகிவிடும். எங்கட பட்டிருப்பு வலயப் பாடசாலைப் பேர்களில் 'மட்/பட்/' என்று முன்னால் வருமே, அது 'மட்ஃபட்ஃ' என்று வந்து நிற்கும். இணையத்தில் தேடிப் பாருங்கள், அந்தக் கோலத்தில் எத்தனை பாடசாலை நிற்குது என்று. திகதியும் அப்படித்தான். கொன்ட்ரோல் எச் அழுத்தி 'ஃ'ஐச் சரிவுக்கோடாய் மாற்றலாம். 'எல்லாவற்றையும் மாற்று' என்பதை மட்டும் அழுத்த வேண்டாம், உண்மையான ஆய்தமும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொன்றாய்ப் பார்த்து மாற்றுங்கள்.

என்னைப்போல் பாமினியில் விரல் பழகினவர்கள் புதிதாய் ஒன்றும் பழகத் தேவையில்லை. எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகை இருக்கு. விரல் போகிற இடம் அதே இடம், விழுகிற எழுத்து யூனிகோட். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று தனித்தனித் துண்டு, யூனிகோடில் 'க' முதலில், உயிர்க்குறி பின்னால். அழிக்கும்போது 'கொ' ஏன் இப்படி அழியுது என்று திகைக்க வேண்டாம்.

அச்சகத்துக்குக் கொடுக்கிறதாக இருந்தால் முதலில் கேளுங்கள். பழைய போட்டோஷொப், பேஜ்மேக்கர் வைத்திருக்கிறவர்களுக்கு யூனிகோட் தமிழ் கொம்பும் காலும் இடம்மாறிக் குழம்பும். அவர்களுக்குப் பாமினிக் கோப்பையே கொடுங்கள், சண்டை வேண்டாம்.

கதவு திறத்தல், கல்யாணக்கால் நாட்டல், எந்த நாள் எந்தக் குடிக்கு (குலப்பிரிவுக்கு), கடைசியில் திருக்குளிர்த்தி என்று ஒவ்வொரு வரியாய் வண்ணக்கர் வாசிக்க நான் சரி பார்த்தேன். பிடிஎப்பும் யூனிகோட் வரிகளும் போனில் போய்ச் சேர, "இப்பதான் அம்மாளாச்சி தமிழுல வந்திரிக்கா" என்று சொல்லிக்கொண்டு பாதைக்குப் போனார்.

இரவு ஏழரைக்குக் குரல் பதிவு. நாலாம் நாளில் ஒரு குடியின் பேர் விடுபட்டுப் போச்சாம், குடிக்காரர் கோவமாம். அடுப்பில் பால்சொதி கொதிக்கிது, கடை பூட்டியாச்சு. இப்ப யூனிகோட்தானே, போனிலேயே கூகுள் டொக்ஸில் திறந்து, அந்தப் பேரைப் போட்டு, புது பிடிஎப் அனுப்பினேன். குறூப்பில் போட்ட பழையதை அழுத்திப் பிடித்து 'எல்லோருக்குமாக அழி' என்று கொடுங்க வண்ணக்கர் என்றும் சொன்னேன்.

பத்து நிமிசத்தில் பதில் வந்தது. "அழிச்சிட்டன் புள்ள. என்ட போன்ல இப்ப இல்ல. ஆனா மத்தாக்கள் எல்லாரும் இன்னமும் பழசத்தான் பாக்கிறாங்களாம், அது எப்பிடி?"