தங்கத் துகளில் ஆன்டிபாடி பிடித்ததா? உப்பைப் போட்டுப் பாருங்கள்

வீட்டில் மிச்சமிருக்கும் ஏஆர்டி (கோவிட் விரைவுச் சோதனை) கிட்டில் தெரியும் சிவப்புக் கோடு, பல பிராண்டுகளில் தங்கம். சுமார் 40 நானோமீட்டர் துகள்கள், மேலே ஆன்டிபாடி (கிருமியின் பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) போர்த்தியவை. ப்ராஜெக்டுக்காக முதன்முதலாக இந்தப் போர்வையைப் போடப்போகும் மாணவர்களுக்கு இந்தப் பதிவு.

சிட்ரேட் முறையில் செய்த தங்கத் துகளுக்கு எதிர்மின்சுமை உண்டு. துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பதால் கரைசல், தண்ணீர் கலந்த ரோஸ் சிரப் மாதிரி இருக்கும். உப்பு விழுந்தால் அந்தத் தள்ளுவிசை மங்கி, துகள்கள் ஒட்டிக்கொண்டு, நிறம் நீலமாகும். புரதம் முழுதாக மூடியிருந்தால் உப்பு எதுவும் செய்யாது. சோதனை இதுதான்.

ஆன்டிபாடி பெரும்பாலும் பிபிஎஸ் என்ற உப்பு கலந்த பாஸ்பேட் கரைசலில்தான் வரும். அதை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள உப்பே தங்கத்தைக் கெடுத்துவிடும். முதலில் 2 மில்லிமோலார் போரேட் பஃபருக்கு (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) மாற்றுங்கள்.

அடுத்தது பிஎச். என் கணிப்பில் பாதித் தோல்வி இங்கேதான். ஆன்டிபாடியின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளியிலோ அதற்குச் சற்று மேலேயோ வையுங்கள். பல ஆன்டிபாடிகளுக்கு 8 முதல் 9 வரை சரிப்படும். அந்தப் புள்ளியில் புரதத்தின் நிகரச் சுமை ஏறக்குறைய பூஜ்யம். பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று விரட்டாமல் நெருக்கி உட்காரும். பிஎச் அதற்குக் கீழே போனால் நேர்மின்சுமை கொண்ட புரதம் இரண்டு துகளுக்கு நடுவே பாலம் போட்டுவிடும். மிக மேலே போனால் புரதமும் தங்கமும் விலகும். சரிசெய்ய 0.1 மோலார் பொட்டாசியம் கார்பனேட் போதும். பிஎச் மீட்டரின் எலக்ட்ரோடை மட்டும் தங்கத்தில் முக்காதீர்கள், அடைத்துக்கொள்ளும். பிஎச் தாளே நல்லது.

எட்டு டியூப், ஒவ்வொன்றிலும் 1 மில்லிலிட்டர் தங்கம். ஆன்டிபாடி 0, 2, 4, 6, 8, 10, 12, 15 மைக்ரோகிராம். விட்டவுடன் கலக்குங்கள், மெதுவாகக் கலந்தால் முதலில் சந்தித்த துகள்களே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். 10 நிமிடம் கழித்து 10% உப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டர். இன்னொரு 10 நிமிடத்தில் 0 டியூப் நீலமாகும், நடுவில் ஊதா, பிறகு ஓரிடத்திலிருந்து சிவப்பு அப்படியே நிற்கும். அந்த முதல் சிவப்பு டியூப்தான் உங்கள் அளவு. அதற்கு மேல் 10 முதல் 20% சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒளி உறிஞ்சல் 1 இருக்கும் கரைசலில், மில்லிலிட்டருக்குச் சுமார் 9,000 கோடித் துகள்கள். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 4.5 சதுர சென்டிமீட்டர், நம் சிங்கப்பூர் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தின் ஒரு பக்கம் அளவு! ஒற்றை அடுக்குக்கு இரண்டு மைக்ரோகிராமே தாராளம் என்று கணக்கு சொல்லும். நடைமுறையில் அதைவிட அதிகம் தேவைப்படும், போட்டதெல்லாம் ஒட்டுவதில்லை. ஆகவே கணக்கை நம்பி உப்புச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். ஆன்டிபாடியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினாலும் திரும்பச் செய்யுங்கள்.

பிறகு பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் அல்புமின் புரதம்) 1% வரும்படி விட்டு 30 நிமிடம். மிச்ச இடைவெளியை அது மூடும். சென்ட்ரிஃபியூஜ் செய்து மேல்நீரை நீக்கி, பிஎஸ்ஏ கலந்த போரேட்டில் கரைத்து 4 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் திரண்டுவிடும். சோதனைப் பட்டையில் உலர்த்துவதானால் சுக்ரோஸ் சேர்த்து உலர்த்துங்கள். உலர்ந்ததும் சிலிக்கா ஜெல்லோடு ஃபாயில் பையில் மூடிவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து வைத்த பட்டை தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பிறகு தங்கம் ஓடாமல் அங்கேயே நிற்கும்.